கார்லைல் அணியின் 1912ஆம் ஆண்டுக் கால்பந்துப் பருவம்: ஆடுகளமும் அடையாள அழிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பென்சில்வேனியா மாநிலத்தில் இயங்கிய கார்லைல் இந்தியத் தொழிற்பள்ளியின் கால்பந்து அணி, 1912ஆம் ஆண்டுப் பருவத்தில் 14 ஆட்டங்களில் 12 வெற்றிகளைப் பெற்றது. பூர்வகுடிப் பிள்ளைகளின் மொழியையும் மரபையும் களைவதற்கென நிறுவப்பட்ட ஒரு பள்ளி, அப்பிள்ளைகளின் ஆட்டத் திறனாலேயே நாடறிந்த பெயரைப் பெற்றது என்பது ஒரு வரலாற்று முரண். அப்பருவத்தின் ஆட்ட முடிவுகள், அவ்வாண்டின் விதி மாற்றங்கள், ராணுவக் கல்லூரியுடன் நிகழ்ந்த ஆட்டம், பருவத்திற்குப் பிந்தைய விசாரணைகள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து இம்முரணை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: கார்லைல், அமெரிக்கப் பூர்வகுடிகள், உறைவிடப் பள்ளி, ஜிம் தோர்ப், கல்லூரிக் கால்பந்து, அடையாள அழிப்பு.

முன்னுரை

தமிழில் ‘கால்பந்து’ என்னும் சொல் பந்தைக் காலால் உதைத்து ஆடும் ஆட்டத்தையே குறிக்கும். இக்கட்டுரையில் அச்சொல், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் உதைத்தும் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்தைக் குறிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் முதலிய கிழக்குக் கரைக் கல்லூரிகளில் உருப்பெற்ற இவ்வாட்டம், செல்வக் குடும்பங்களின் இளைஞர்களுக்கு ஆண்மையையும் தலைமைப் பண்பையும் கற்பிக்கும் கருவியாகக் கருதப்பட்டது. அத்தகைய ஆட்டத்தில், கல்லூரி என்னும் தகுதியே இல்லாத ஓர் அரசுத் தொழிற்பள்ளியின் மாணவர்கள் முன்னணிக் கல்லூரிகளை வென்றனர்.

விளையாட்டு வரலாற்றெழுத்தில் இவ்வெற்றி இருவகையாக விளக்கப்படுகிறது. பள்ளியின் நோக்கம் நிறைவேறியதற்கான சான்று என்பது ஒருவகை. ஒடுக்கப்பட்டோரின் எதிர்ப்புக் குரல் என்பது மற்றொரு வகை. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தால் 1912ஆம் ஆண்டுப் பருவத்தை முழுமையாக விளக்க இயலாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

பள்ளியும் அதன் நோக்கமும்

கார்லைல் பள்ளியை 1879இல் நிறுவியவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்னும் ராணுவ அதிகாரி. மேற்குச் சமவெளிகளில் பூர்வகுடிகளுக்கு எதிரான போர்களில் பங்கேற்ற இவர், பின்னர் ஃபுளோரிடாவின் மேரியன் கோட்டையில் பூர்வகுடிக் கைதிகளின் பொறுப்பாளராக இருந்தார். அங்கு அவர் மேற்கொண்ட கல்விச் சோதனையே கார்லைல் பள்ளிக்கு முன்மாதிரி ஆயிற்று. பூர்வகுடி மனிதனைக் காப்பாற்ற வேண்டுமாயின் அவனுள் இருக்கும் பூர்வகுடித் தன்மையைக் கொன்றாக வேண்டும் என்ற கருத்தை 1892ஆம் ஆண்டு உரையொன்றில் அவர் வெளிப்படையாகவே முன்வைத்தார்.

பழைய ராணுவப் பாசறையொன்றிலேயே பள்ளி அமைந்தது. சேர்ந்தவுடன் பிள்ளைகளின் தலைமுடி கத்தரிக்கப்பட்டது, சீருடை அணிவிக்கப்பட்டது, புதிய பெயர் சூட்டப்பட்டது, தாய்மொழியில் பேசுவது தடுக்கப்பட்டது. நாளின் ஒரு பாதி வகுப்பறையிலும் மறு பாதி தொழிற்கூடத்திலும் கழிந்தது. விடுமுறையில் சொந்த ஊருக்கு அனுப்பாமல், வெள்ளையர் பண்ணைகளிலும் வீடுகளிலும் பணிக்கு அனுப்பும் முறையும் நடைமுறையில் இருந்தது. தாயகத்திலிருந்து நெடுந்தொலைவில் நோயுற்று இறந்த பிள்ளைகள் பள்ளி வளாகத்திலேயே புதைக்கப்பட்டனர். அக்கல்லறைகளிலிருந்து எச்சங்களை எடுத்து உரிய குடும்பங்களிடம் ஒப்படைக்கும் பணி 2017இல்தான் தொடங்கியது.

இப்பள்ளியை நிலக்கொள்கையிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. இனக்குழுவின் பொது நிலத்தைத் தனியார் பங்குகளாகப் பிரிக்கும் டாஸ் சட்டம் 1887இல் இயற்றப்பட்டது. அப்போது பூர்வகுடிகளிடம் இருந்த ஏறத்தாழ 13.8 கோடி ஏக்கர் நிலம், 1934இல் 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியது. நிலம் தனிமனிதருக்குரியதாக மாற வேண்டுமாயின், குழுவாக வாழ்ந்தவர் தனிமனிதராக மாற்றப்பட வேண்டும். அம்மாற்றத்தை நிகழ்த்தும் இடமாகவே உறைவிடப் பள்ளி கருதப்பட்டது.

ஆட்டம் அனுமதிக்கப்பட்ட வரலாறு

தொடக்கத்தில் பிராட் கால்பந்தை விரும்பவில்லை. ஆட்டத்தில் மாணவரொருவரின் கால் முறிந்ததைக் கண்டபின் பிற நிறுவனங்களுடன் ஆடுவதைத் தடை செய்தார். மாணவர்கள் திரண்டு வந்து தடையை நீக்குமாறு முறையிட்டபோது, இரண்டு நிபந்தனைகளுடன் இசைந்ததாக அவருடைய நினைவுக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. எதிரணியினர் தாக்கினாலும் திருப்பித் தாக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. சில ஆண்டுகளில் நாட்டின் தலைசிறந்த அணிகளை வெல்லும் நிலையை எட்ட வேண்டும் என்பது இரண்டாவது.

இச்செய்தியில் இரு கூறுகள் கவனிக்கத்தக்கன. ஒன்று, ஆட்டத்திற்கான கோரிக்கை மாணவரிடமிருந்தே எழுந்தது. நிர்வாகம் அதனைத் திணிக்கவில்லை. மற்றொன்று, முதல் நிபந்தனை ஆடுகளத்தையே ஒரு நன்னடத்தைத் தேர்வாக மாற்றியது. வெள்ளை மாணவரின் முரட்டுத்தனம் ஆட்ட வேகமாகக் கொள்ளப்படும். பூர்வகுடி மாணவரின் முரட்டுத்தனமோ அவருடைய இனத்தின் இயல்பாகக் கொள்ளப்படும் என்பதை பிராட் அறிந்திருந்தார்.

கிளென் வார்னர் 1899இல் பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். 1903 வரையிலும், பின்னர் 1907 முதல் 1914 வரையிலும் அவர் அணியைப் பயிற்றுவித்தார். 1904இல் பிராட் பதவி நீக்கப்பட்ட பின்னரும் கால்பந்து தொடர்ந்து வளர்ந்தது. 1911இல் கார்லைல் அணி 12 ஆட்டங்களில் 11ஐ வென்றது. 298 புள்ளிகளை எடுத்து 49 புள்ளிகளையே விட்டுக்கொடுத்தது. ஹார்வர்டை 18–15 என வென்ற அவ்வாண்டு ஆட்டத்தில் ஜிம் தோர்ப் நான்கு முறை பந்தைக் கோல் கம்பங்களுக்கிடையே உதைத்துப் புள்ளி சேர்த்தார்.

1912ஆம் ஆண்டின் புதிய விதிகள்

1905ஆம் ஆண்டுப் பருவத்தில் ஏற்பட்ட உயிரிழப்புகள் கால்பந்தைத் தடை செய்ய வேண்டும் என்ற குரலை எழுப்பின. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதன் தொடர்ச்சியாக 1906இல் முன்னோக்கிப் பந்தை எறிவது சட்டபூர்வமாக்கப்பட்டது. கூட்டமாக மோதித் தள்ளும் முறையைக் குறைத்து, ஆட்டக்காரர்களைக் களமெங்கும் பரவச் செய்வதே இச்சீர்திருத்தத்தின் நோக்கம்.

அச்சீர்திருத்தம் 1912இல் மேலும் விரிந்தது. 10 கஜம் முன்னேற மூன்று முயற்சிகளே இருந்த நிலை மாறி நான்காவது முயற்சி வழங்கப்பட்டது. எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைச் சேர்க்கும் ‘டச்டவுன்’ 5 புள்ளிகளிலிருந்து 6 ஆக உயர்ந்தது. களத்தின் நீளம் 110 கஜத்திலிருந்து 100 ஆகக் குறைந்தது; இரு முனைகளிலும் எறிபந்தைப் பிடிப்பதற்குரிய பகுதிகள் சேர்க்கப்பட்டன. 20 கஜத்திற்கு மேல் பந்தை எறியக் கூடாது என்னும் கட்டுப்பாடும் நீங்கியது.

பருத்த உடலும் எடையும் மேலோங்கிய பழைய ஆட்டத்தில், எடை குறைந்த கார்லைல் ஆட்டக்காரர்கள் எப்போதும் பின்தங்கும் நிலையில் இருந்தனர். வேகம், திசைதிருப்பல், எறிதல் ஆகியவற்றுக்கு இடமளித்த புதிய விதிகள் அவர்களுடைய ஆட்ட முறைக்கு ஏற்றவையாக அமைந்தன. பின்வரிசை ஆட்டக்காரர்களை இரு பக்கங்களிலும் விலக்கி நிறுத்தும் அணிவகுப்புகளை வார்னர் இச்சூழலில்தான் வளர்த்தெடுத்தார். 1911இல் ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக ஏறத்தாழ 25 ஆக இருந்த கார்லைலின் புள்ளிகள் 1912இல் 36 ஆக உயர்ந்தன. டச்டவுனின் மதிப்பு உயர்ந்ததும் இதற்கு ஒரு காரணமாகும். எனினும் அவ்வொரு புள்ளி உயர்வால் மட்டும் இவ்வளர்ச்சியை விளக்க இயலாது.

பருவத்தின் போக்கு

1912 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிலிருந்து திரும்பிய ஜிம் தோர்ப்புக்கும் லூயிஸ் தெவானிமாவுக்கும் கார்லைல் நகரில் பெரும் வரவேற்பு அளிக்கப்பட்டது. சாக்–ஃபாக்ஸ் இனத்தைச் சேர்ந்த தோர்ப், ஐந்து போட்டித் தொகுப்பிலும் பத்து போட்டித் தொகுப்பிலும் தங்கம் வென்றிருந்தார். ஹோப்பி இனத்தைச் சேர்ந்த தெவானிமா 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றிருந்தார். அரசின் பள்ளிக் கொள்கையை எதிர்த்த ஹோப்பி மக்களுள் ஒருவராகக் கைது செய்யப்பட்டு 1907இல் கார்லைலுக்குக் கொண்டுவரப்பட்டவரே தெவானிமா என்பது இவ்வரவேற்பின் முரணைத் தெளிவாக்கும்.

செப்டம்பர் 21இல் தொடங்கிய பருவம் நவம்பர் 28இல் முடிந்தது. ஆட்ட முடிவுகள் வருமாறு. கார்லைலின் புள்ளி முதலில் தரப்பட்டுள்ளது.

செப்டம்பர் 21 – ஆல்பிரைட்: 50–7
செப்டம்பர் 25 – லெபனான் வேலி: 45–0
செப்டம்பர் 28 – டிக்கின்சன்: 34–0
அக்டோபர் 2 – வில்லனோவா: 65–0
அக்டோபர் 5 – வாஷிங்டன்–ஜெஃபர்சன்: 0–0
அக்டோபர் 12 – சிரக்யூஸ்: 33–0
அக்டோபர் 19 – பிட்ஸ்பர்க்: 45–8
அக்டோபர் 26 – ஜார்ஜ்டவுன்: 34–20
அக்டோபர் 28 – டொராண்டோ: 49–1
நவம்பர் 2 – லீஹை: 34–14
நவம்பர் 9 – ராணுவக் கல்லூரி: 27–6
நவம்பர் 16 – பென்சில்வேனியா: 26–34
நவம்பர் 23 – ஸ்பிரிங்ஃபீல்டு: 30–24
நவம்பர் 28 – பிரௌன்: 32–0

மொத்தம் 504 புள்ளிகள் பெறப்பட்டன. 114 புள்ளிகள் விட்டுக்கொடுக்கப்பட்டன. இவ்வெண்களை மூன்று கட்டங்களாகப் பகுத்து நோக்கினால் பருவத்தின் உள்ளியல்பு புலப்படும். முதல் ஆறு ஆட்டங்களில் 227–7. அடுத்த ஐந்தில் 189–49. இறுதி மூன்றில் 88–58. அதாவது, பருவம் முழுவதும் எதிரணிகள் எடுத்த புள்ளிகளுள் பாதிக்கு மேல் கடைசி மூன்று ஆட்டங்களில் எடுக்கப்பட்டவை. எதிரணிகளின் வலிமை வேறுபாடு இதற்கு ஒரு காரணம் ஆகலாம். ஆயினும் அணியின் பயண அட்டவணையையும் கருத வேண்டும். தொடக்க ஆட்டங்களுக்குப் பின் அணி ஏறக்குறைய முழுமையாக வெளியூர்களிலேயே ஆடியது. அக்டோபர் 26இல் தலைநகர் வாஷிங்டனில் ஆடிய மாணவர்கள், ஒரு நாள் இடைவெளியில் எல்லை கடந்து கனடாவின் டொராண்டோவில் ஆடினர். அதற்கு ஐந்து நாள் கழித்து மீண்டும் பென்சில்வேனியாவில் ஆடினர்.

சிறிய ஊரான கார்லைலில் பெருங்கூட்டம் சேராது. நுழைவுக் கட்டண வருவாய் பெருநகர அரங்குகளில்தான் கிடைத்தது. எனவே இவ்வட்டவணை பள்ளியின் பொருளியல் தேவையால் வகுக்கப்பட்டது எனலாம். ஈட்டப்பட்ட தொகை பள்ளியின் தடகளச் சங்கத்தின் வசம் இருந்தது. ஆடிய மாணவர் உழைப்பாளிகளாக இருந்தும், அவ்வருவாயின் மேல் அவர்களுக்கு உரிமை இல்லை.

வெஸ்ட் பாயிண்ட் ஆட்டம்

நவம்பர் 9ஆம் நாள் வெஸ்ட் பாயிண்டில் ராணுவக் கல்லூரியை எதிர்கொண்ட ஆட்டமே இப்பருவத்தின் மையம். அமெரிக்கக் குதிரைப்படை சூ மக்களைக் கொன்று குவித்த வூண்டட் நீ நிகழ்வு 1890 டிசம்பரில் நடந்தது. அதற்கு 22 ஆண்டுகள் நிறைவதற்குள் நிகழ்ந்த இவ்வாட்டத்தில், ஒருபுறம் எதிர்கால ராணுவ அதிகாரிகளும் மறுபுறம் அவ்விதப் போர்களைக் கண்ட தலைமுறையின் பிள்ளைகளும் நின்றனர். ஆட்டத்திற்கு முன் வார்னர் அந்நினைவைக் கிளறி அணியினரை ஊக்கியதாகப் பிற்கால நூல்கள் கூறுகின்றன.

முதலில் புள்ளி எடுத்தது ராணுவக் கல்லூரியே. பின்னர் கார்லைல் தொடர்ந்து 27 புள்ளிகள் எடுத்தது. எதிரணித் தலைவர் லேலண்ட் டெவோர், கார்லைலின் ஜோ கையனைத் தாக்கியதற்காகக் களத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னாளில் குடியரசுத் தலைவரான ட்வைட் ஐசன்ஹோவரும் அன்று ராணுவக் கல்லூரி அணியில் ஆடினார்; தோர்ப்பின் திறனைத் தம் முதுமையிலும் வியந்து குறிப்பிட்டார். பிராட் விதித்த முதல் நிபந்தனையை இங்கு நினைவுகூர்வது பொருத்தம். நாகரிகத்தின் பயிற்சிக்களமாகக் கருதப்பட்ட ராணுவக் கல்லூரியின் அணித் தலைவர் தாக்குதலுக்காக வெளியேற்றப்பட, நாகரிகம் கற்பிக்கப்பட வேண்டியவராகக் கருதப்பட்டவர்கள் ஆட்டத்தைத் தொடர்ந்து வென்றனர்.

இவ்வாட்டம் குறித்து ஒரு சான்றாய்வு தேவைப்படுகிறது. தோர்ப் 92 கஜம் ஓடி எடுத்த டச்டவுன் தவறு காரணமாக மறுக்கப்பட்டதாகவும், அடுத்த முயற்சியிலேயே அவர் 97 கஜம் ஓடிப் புள்ளி எடுத்ததாகவும் வெகுசன வரலாறுகள் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. அன்றைய ஆட்டக் குறிப்போ நான்கு டச்டவுன்களில் மூன்றை அலெக்ஸ் ஆர்காசாவுக்கும் ஒன்றை ஜோ பெர்கிக்கும் உரியதாகத் தருகிறது. தோர்ப் உதைத்துச் சேர்த்தவை மூன்று கூடுதல் புள்ளிகள். நான்கு டச்டவுன்களுக்கு 24, உதைகளுக்கு 3 எனக் கூட்டினால் 27 சரியாக அமைகிறது. 97 கஜ ஓட்டத்திற்கு இக்கணக்கில் இடமில்லை.

இவ்வேறுபாடு தோர்ப்பின் பெருமையைக் குறைப்பதன்று. அவருடைய ஓட்டங்களே அணியைப் பலமுறை எதிரணி எல்லைக்கு அருகில் கொண்டு சேர்த்தன. ஆனால் ஓர் அணியின் வெற்றி ஒரு வீரனின் புராணமாக மாறும்போது, ஆர்காசா, பெர்கி, கையன், அணித் திட்டங்களை வழிநடத்திய கஸ் வெல்ச் ஆகியோர் மறைந்துபோகின்றனர். தோர்ப்பை இயற்கையின் அதிசயமாக மட்டும் காட்டும் கதை, பூர்வகுடி ஆட்டக்காரர்களின் பயிற்சியையும் அறிவுத்திறனையும் கூட்டு ஒழுங்கையும் கணக்கில் கொள்ளாத பார்வைக்கே துணைபோகிறது. அக்கால நாளேடுகள் கார்லைல் ஆட்டங்களைப் போர்க்கோலம், தலைத்தோல் உரித்தல் முதலிய உருவகங்களால் விவரித்ததும் இப்பார்வையின் வெளிப்பாடே. அணிவகுப்பின் நுட்பத்தால் கிடைத்த வெற்றியும் இன இயல்பின் வெற்றியாகவே எழுதப்பட்டது.

பருவத்தின் பின்விளைவுகள்

வால்டர் கேம்ப் தெரிவு செய்த 1912ஆம் ஆண்டின் அனைத்து அமெரிக்க அணியில் தோர்ப் இடம்பெற்றார். ஆனால் 1913 ஜனவரியில், அவர் முன்னர் வட கரோலினாவில் சிறு ஊதியத்திற்குப் பேஸ்பால் ஆடிய செய்தியை மாசச்சூசெட்ஸ் நாளேடு ஒன்று வெளியிட்டது. ஊதியம் பெற்றவர் ஒலிம்பிக்கில் பங்கேற்கக் கூடாது என்னும் விதிப்படி அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. தோர்ப்பின் பெயரில் வார்னரின் துணையுடன் எழுதப்பட்ட கடிதம், உலகியல் அறியாத ஒரு பூர்வகுடி மாணவனின் தவறாக அதனைச் சித்திரித்து மன்னிப்புக் கோரியது. மாணவரின் ஆட்டத்தால் நுழைவுக் கட்டணம் ஈட்டுவது அமைப்பின் உரிமை. அம்மாணவன் தன் ஆட்டத்திற்குச் சிறு கூலி பெறுவது குற்றம் என்னும் இரட்டை அளவுகோல் இதில் வெளிப்படையாகத் தெரிகிறது. எதிர்ப்பைப் பதிவு செய்வதற்குரிய 30 நாள் கெடு கடந்த பின்னரே அம்முடிவு எடுக்கப்பட்டது. 1982இல் பதக்கங்களைத் திருப்பியளிக்கும் முடிவு எடுக்கப்பட்டது. தோர்ப்பே தனி வெற்றியாளர் என்பது 2022இல்தான் ஏற்கப்பட்டது.

பள்ளிக்குள்ளிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. 1912ஆம் ஆண்டு அணியின் கஸ் வெல்ச், பள்ளியின் நிலை குறித்து விசாரணை கோரும் மனுவில் 200க்கும் மேற்பட்ட மாணவரின் கையொப்பங்களைத் திரட்டுவதில் முன்னின்றார். 1914இல் நாடாளுமன்றக் கூட்டுக் குழு கார்லைலில் விசாரணை நடத்தியது. கண்காணிப்பாளர் மோசஸ் ஃபிரீட்மனின் நிர்வாகம், மாணவர்மீதான கடுந்தண்டனைகள், தடகள நிதியின் செலவு முறை, வார்னர் ஆட்டக்காரர்களை நடத்திய விதம் ஆகியவை அங்கு விவாதிக்கப்பட்டன. வெல்ச்சே வார்னருக்கு எதிராகச் சாட்சியம் அளித்தார். ஃபிரீட்மன் பதவியிழந்தார், வார்னர் 1914ஆம் ஆண்டுப் பருவத்திற்குப் பின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1918இல் பள்ளி மூடப்பட்டு, வளாகம் மீண்டும் ராணுவத்திடம் சேர்ந்தது.

வெல்ச் சட்டம் பயின்று, பின்னர் கல்லூரிப் பயிற்றுநராகவும் பணியாற்றினார். கையன் தொழில்முறைக் கால்பந்தில் புகழ் பெற்றார். 1920இல் உருவான தொழில்முறைக் கால்பந்து அமைப்பின் முதல் தலைவராகத் தோர்ப் தெரிவு செய்யப்பட்டார். பூர்வகுடிகள் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை வழங்கிய சட்டம் அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1924இல்தான் இயற்றப்பட்டது.

முடிவுரை

1912ஆம் ஆண்டுப் பருவத்தை அடையாள அழிப்புக் கொள்கையின் வெற்றியாகக் கொள்வதற்கு வெல்ச்சின் மனு இடந்தரவில்லை. பள்ளி கற்பித்த ஆங்கிலத்தையும் அணி கற்பித்த கூட்டொழுங்கையும் கொண்டே மாணவர்கள் அப்பள்ளியை விசாரணைக் கூண்டில் ஏற்றினர். அப்பருவத்தைத் தடையற்ற எதிர்ப்பின் வெற்றியாகக் கொள்வதற்கோ பயண அட்டவணையும் தடகள நிதியும் தோர்ப்பின் பெயரில் எழுதப்பட்ட கடிதமும் இடந்தரவில்லை. ஆட்டம் மாணவர்களால் விரும்பிக் கேட்டுப் பெறப்பட்டது. அதன் பயனை அமைப்பு எடுத்துக்கொண்டது. அதன் வழி கிடைத்த தன்மதிப்பையும் ஒற்றுமையையும் அமைப்பால் எடுத்துக்கொள்ள இயலவில்லை.

ஆகவே கார்லைல் ஆடுகளத்தை, ஆதிக்கமும் தன்னுரிமையும் ஒரே செயலில் பிணைந்து நின்ற களமாக வாசிப்பதே பொருத்தமானது. காலனிய, உள்நாட்டுக் காலனியச் சூழல்களில் ஆளப்பட்டோர் ஏற்று ஆடிய ஆட்டங்களை ஆராயும்போது, யார் வென்றனர் என்பதோடு, ஆட்டத்தைக் கேட்டவர் யார், வருவாயைக் கொண்டவர் யார், கதையை எழுதியவர் யார் என்னும் வினாக்களையும் எழுப்ப வேண்டும் என்பதை இப்பருவத்தின் வரலாறு உணர்த்துகிறது.